ரெக்கார்டு: சாதனையா, உச்சப் பதிவா?

ரெக்கார்டு என்ற சொல்லைத் தமிழில் நாம் பல விதமாகப் புழங்குகிறோம். ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் ரெக்கார்டு நோட்டு, தாலுகா அலுவலகத்து ரெக்கார்டு ரூம், கருப்பு இசைத்தட்டு, திருவிழா மேடையின் ரெக்கார்டு டான்ஸ். விளையாட்டுப் பக்கத்துக்கு வந்ததும் இத்தனையும் மறைந்து ‘சாதனை’ என்ற ஒரே சொல் மிஞ்சுகிறது. கிரிக்கெட் செய்திக்குப் பெரும்பாலும் அது போதும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகள் ஆண்டுதோறும் வெளியிடும் தனிநபர் புள்ளிவிவர ஏடுகளைத் தமிழில் சொல்லப் புகுந்தால் போதாது. அங்கே ரெக்கார்டு என்பது முதலில் ஒரு கணக்கு. பெருமை அதன் பின்னால்தான் வருகிறது.

இங்கே கால்பந்து என்பது, இருபுறமும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் அமெரிக்க ஆட்டம். இலங்கைத் தமிழர் உதைபந்தாட்டம் என்று சொல்வது வேறு. களம் 100 யார்டு நீளம், இரு முனையிலும் பத்துப் பத்து யார்டு எல்லைப்பகுதி. யார்டு மூன்றடி, ஜவுளிக்கடைக் கஜமும் அதே அளவுதான். இன்னொன்று: ‘புரோகிராம்’ என்ற சொல்லைக் கண்டு நிகழ்ச்சி என்றோ திட்டம் என்றோ எழுதிவிடக் கூடாது. ஒரு பல்கலைக்கழகத்தின் அணி, பயிற்சியாளர்கள், அதன் பல்லாண்டு வரலாறு எல்லாம் சேர்ந்ததை அப்படிச் சொல்கிறார்கள். தமிழில் ‘அணி’ என்றாலே போதும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ரெக்கார்டாரி’ என்றால் நினைவுகூர்தல். உள்ளே இருக்கும் ‘கோர்’ என்பதற்கு இதயம் என்று பொருள். இதயத்துக்கு மீண்டும் கொண்டுவருவதுதான் நினைவு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது நீதிமன்றச் சொல்லாக, எழுத்தில் ஏற்றிய சாட்சியம் என்ற பொருளில் புழங்கியது. இதுவரை எட்டியதிலேயே உயர்ந்த அளவு என்ற விளையாட்டுப் பொருள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து ஒட்டிக்கொண்டது. ஓட்டப்பந்தய நேரங்களைக் கடிகாரம் வைத்துக் குறித்து, பழைய குறிப்போடு ஒப்பிடும் வழக்கம் பரவிய காலம் அது. எழுதி வைத்திருந்தால்தானே ஒப்பிட முடியும்?

‘சாதனை’ வேறு வழியில் வந்தது. வடமொழியில் ‘சாத்’ என்ற வேருக்கு நினைத்ததை முடித்தல், இலக்கை எய்துதல் என்று பொருள். அதன் வினை தமிழில் சாதித்தல். ‘சாதித்துக் காட்டினாள்’ என்பதில் வெற்றி இருக்கிறது. ‘சொன்னதையே சாதிக்கிறான்’ என்பதில் பிடிவாதம் இருக்கிறது. வைணவப் பேச்சில் பெரியவர்கள் சொல்வதும் கொடுப்பதும்கூடச் சாதித்தல்தான். எழுதி வைத்தல் என்ற சாயல் இந்தச் சொல்லில் எங்கும் இல்லை. ‘பதிவு’ தமிழ்ச் சொல். பதிதல் என்றால் அழுந்தி நிலைத்தல்: கால் சேற்றில் பதிகிறது, முத்திரை காகிதத்தில் பதிகிறது, ஒரு முகம் மனத்தில் பதிகிறது. லத்தீன் சொல் இதயத்தையும் நினைவையும் சேர்த்துப் பிடித்ததை, ‘மனத்தில் பதிந்தது’ என்ற நம் பேச்சுவழக்கும் பிடித்திருக்கிறது. பதிவேடு, பத்திரப்பதிவு என்று அலுவலகப் பொருளும் இதற்கு ஏற்கெனவே உண்டு.

எந்த இடத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்று பார்க்க, ஓக்லஹாமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் ஊரிலுள்ள ஓக்லஹாமா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 1988ஆம் ஆண்டுப் பருவத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘அந்த ஆண்டு அணியின் ரெக்கார்டு 10-2’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். இதைச் சாதனை என்று பெயர்த்தால் வாக்கியம் குலைந்துவிடும். 10 வெற்றி, 2 தோல்வி என்பதே பொருள். ‘வெற்றி தோல்விக் கணக்கு’ என்று எழுதலாம். எண்களை நேரே சொல்வது இன்னும் நல்லது.

அதே பருவத்தில் பேரி சாண்டர்ஸ் பந்தை ஏந்தி ஓடி எடுத்தது 2,628 யார்டு. உயர்மட்டப் பிரிவுக் கல்லூரி அணிகளுக்கான தேசிய ஏட்டில் ஒரே பருவத்துக்கான உச்சம் இதுதான். 344 முறை பந்தை ஏந்தினார். ஒரு முறைக்குச் சராசரி 7.6 யார்டு. பந்தை எதிரணியின் எல்லைப்பகுதிக்குள் கொண்டுசேர்ப்பது டச்டவுன். ஓட்டத்தில் மட்டும் 37 டச்டவுன், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடியதில் இரண்டு, ஆக 39. பருவ அட்டவணையின் கடைசி ஆட்டம் டோக்கியோவில் டெக்சஸ் டெக் அணியோடு நடந்தது. அதில் மட்டும் 332 யார்டு. இத்தனையும் 11 ஆட்டங்களில்.

அவர் ஆடியதோ 12 ஆட்டம். டிசம்பர் 30 அன்று ஹாலிடே பவுலில் வயோமிங்கை 62-14 என்று வென்றபோது 222 யார்டு ஓடி 5 டச்டவுன் எடுத்தார். ஏட்டில் அது ஏறவில்லை. பருவம் முடிந்தபின் சில அணிகளுக்கு மட்டும் அழைப்பு வரும் தனி ஆட்டமே பவுல் ஆட்டம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அந்த ஆட்டங்களின் எண்களை அப்போது பருவக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2002 முதல் சேர்க்கிறது; பழைய எண்களைத் திரும்பிப் போய்த் திருத்தவில்லை. சேர்த்திருந்தால் 2,850 யார்டு, 44 டச்டவுன்.

இதன் விளைவு 2024இல் தெரிந்தது. போய்சி ஸ்டேட் அணியின் ஆஷ்டன் ஜென்டி 14 ஆட்டங்களில் 2,601 யார்டு எடுத்து, 27 யார்டு குறைவாக நின்றுபோனார். ஆட்டத்துக்குச் சராசரி பார்த்தால் சாண்டர்ஸ் 238.9, ஜென்டி 185.8. விஸ்கான்சினின் மான்டி பால் 2011இல் 39 டச்டவுன் எடுத்து சாண்டர்ஸின் எண்ணைச் சமன் செய்தார். அவருக்கும் 14 ஆட்டம், பவுல் ஆட்டம் உட்பட.

இன்னும் வலிக்கும் உதாரணம் ரான் டேய்ன். 1996 முதல் 1999 வரை விஸ்கான்சினுக்கு ஆடிய இவருடைய ஓட்டக் கணக்கு ஏட்டில் 6,397 யார்டு. நான்கு பவுல் ஆட்டங்களில் ஓடிய 728 யார்டு அதில் இல்லை. சான் டியாகோ ஸ்டேட்டின் டானல் பம்ஃப்ரி 2016இல் 6,405 யார்டோடு முடித்து, 8 யார்டு வித்தியாசத்தில் முதலிடம் பெற்றார். அவருடைய எண்ணில் பவுல் ஆட்டங்கள் அடக்கம். டேய்ன் உண்மையில் ஓடியது 7,125. இரண்டு எண்ணும் சரி, ஏட்டின் வரிசையும் விதிப்படி சரி. ஆனால் ‘டேய்னின் சாதனையை பம்ஃப்ரி முறியடித்தார்’ என்று தமிழில் எழுதினால், அவரைவிட அதிகம் ஓடினார் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். ‘என்சிஏஏ ஏட்டில் பம்ஃப்ரியின் 6,405 உச்சப் பதிவாக ஏறியது’ என்று எழுதினால் நடந்தது அப்படியே தெரியும்.

ஏட்டில் ஒரு யார்டு எப்படி ஏறுகிறது என்பது தெரிந்தால்தான் எண்களை மொழிபெயர்ப்பதில் தவறு வராது. முழு யார்டு மட்டுமே கணக்கு. அரை, கால் கிடையாது. பந்தைப் பின்னோக்கித் தள்ளிவிட்டால், வாங்கியவர் ஓடிய தூரம் ஓட்டக் கணக்கில் சேரும். ஒரு சாண் முன்னோக்கித் தட்டிவிட்டால் அதே ஓட்டம் எறிதல் கணக்குக்குப் போய்விடும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும். 60 யார்டு ஓடி எல்லை தொட்டவருக்கு, வழியில் 15 யார்டு கடந்த இடத்தில் சக வீரர் எதிராளியைப் பிடித்து இழுத்துத் தண்டனை வாங்கினால், ஏட்டில் 15 மட்டுமே நிற்கும், டச்டவுனும் போய்விடும். வெற்றி உறுதியானபின் நேரத்தைக் கழிக்கக் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர்) முழங்காலிடும்போது இழக்கும் யார்டு அவர் பெயரில் ஏறாது, அணியின் பெயரில் ஏறும்.

மிக அதிகமாகப் பிழை வரும் இடம் ‘சாக்’. குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்பே அவரை மடக்கிக் கீழே தள்ளுவது இது. கல்லூரி ஆட்டத்தில் அப்போது இழக்கும் யார்டை அவருடைய ஓட்டக் கணக்கிலிருந்து கழிப்பார்கள். தொழில்முறை என்எஃப்எல் ஆட்டத்தில் அணியின் எறிதல் கணக்கிலிருந்து கழிப்பார்கள். கல்லூரி ஏட்டில் ஒரு குவார்ட்டர்பேக்கின் ஓட்டம் கழித்தல் குறியோடு இருப்பதன் காரணம் இதுவே. அவர் பின்னோக்கி ஓடினார் என்று பொருள் இல்லை.

மடக்கியவரின் பக்கத்துக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. அலபாமாவின் டெரிக் தாமஸ் 1988இல் 27 சாக் எடுத்தார்; அலபாமா ஏட்டில் அது இருக்கிறது. தேசிய ஏட்டில் உச்சம் அரிசோனா ஸ்டேட்டின் டெரல் சக்ஸ் 2002இல் எடுத்த 24. தனிநபர் சாக்குகளை என்சிஏஏ 2000 முதல்தான் அதிகாரபூர்வமாக எண்ணுகிறது. ஆகவே 27 ஒரு ஏட்டில் பதிவு, இன்னொன்றில் இல்லை. எந்த ஏடு என்று சொல்லாமல் ‘சாக் சாதனை’ என்று மட்டும் எழுதினால் இருவரில் ஒருவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

‘சாதனை’ முற்றிலும் கைவிடும் இடமும் இருக்கிறது. தனிநபர் உச்சங்களில் எதிரணியின் கையில் விழுந்த எறிதல்களும் ஒரு வரி. 1951 முதல் 1953 வரை ஜார்ஜியா அணிக்கு ஆடிய ஜீக் பிராட்கோவ்ஸ்கியின் எறிதல்களில் 68 இடைமறிக்கப்பட்டன. இதைச் சாதனை என்று எழுதினால் கேலி போல ஒலிக்கும். அவர் தம் காலத்தில் மிக அதிகமாகப் பந்து எறிந்தவர்களில் ஒருவர். எறிகிறவர் பந்துதானே இடைமறிக்கப்படும்? ‘உச்சப் பதிவு’ என்றால் பழியும் இல்லை, புகழும் இல்லை. எண் மட்டும் நிற்கும்.

ஆகவே அட்டவணைத் தலைப்புக்குத் ‘தனிநபர் உச்சப் பதிவுகள்’ என்பதே சரியான தமிழ். ‘பதிவு’ என்று மட்டும் விட்டால் எல்லா எண்ணையும் குறிக்கும். ‘உச்சம்’ சேரும்போதுதான் முதலிடம் என்ற பொருள் வருகிறது. கட்டுரையின் ஓட்டத்தில், ஓர் ஆட்டத்தின் வியப்பைச் சொல்லும்போது ‘சாதனை’யை விட வேண்டியதில்லை. ஓக்லஹாமா ஸ்டேட்டின் ரஷான் வுட்ஸ் 2003இல் எஸ்எம்யூ அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 7 டச்டவுன் பந்துகளைப் பிடித்தார். அதைச் சாதனை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

வினைகளும் கவனிக்க வேண்டியவை. சாதனை என்றால் படைத்தார், முறியடித்தார், சமன் செய்தார். ‘சாதனையை உடைத்தார்’ தமிழில் ஒட்டாது. உச்சப் பதிவு என்றால் ஏறியது, நிற்கிறது, கடந்தார். எண்ணுக்கு உரியவரைச் ‘சாதனையாளர்’ என்றால் விருது விழா நினைவு வரும். ‘உச்சப் பதிவுக்கு உரியவர்’ தெளிவானது.

ஏடுகள் உச்சத்தை ஓர் ஆட்டம், ஒரு பருவம், மொத்தக் கல்லூரிக்காலம் என்று பிரிக்கின்றன. ஆட்ட உச்சம், பருவ உச்சம் என்பவற்றில் குழப்பம் இல்லை. மூன்றாவதை ‘வாழ்நாள் சாதனை’ என்று எழுதுவது பெரிய பிழை. சாண்டர்ஸ் பிறகு தொழில்முறை அணியான டெட்ராய்ட் லயன்ஸுக்கு ஓடிய 15,269 யார்டு வேறு ஏடு. ‘கல்லூரிக்கால உச்சம்’ என்பதே பொருந்தும். ஓக்லஹாமா ஸ்டேட்டில் ஓட்டத்தின் பருவ உச்சம் சாண்டர்ஸிடம் இருந்தாலும், கல்லூரிக்கால உச்சம் அவருக்கு முன் அங்கே ஆடிய தர்மன் தாமஸிடம் இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டும் சாண்டர்ஸ் அவருக்கு மாற்று வீரராக இருந்தவர்.

வீரர்கள் பல்கலைக்கழகம் மாறுவது சாதாரணமாகிவிட்ட இந்நாளில் அந்த மூன்றாவது பிரிவிலும் ஒரு சொல் கூடுதலாக வேண்டியிருக்கிறது. டில்லன் கேப்ரியல் யூசிஎஃப் அணிக்கு 8,037, ஓக்லஹாமாவுக்கு 6,828, ஆரிகனுக்கு 3,857 என்று எறிந்து, 2024இல் மொத்தம் 18,722 யார்டோடு முடித்தார். தேசிய ஏட்டில் ஹூஸ்டனின் கேஸ் கீனமுடைய 19,217க்கு அடுத்த இடம் அது. மூன்று பல்கலைக்கழக ஏடுகளில் எதைப் புரட்டினாலும் 18,722 கிடைக்காது; ஒவ்வொன்றிலும் அந்தந்த அணிக்கு எறிந்தது மட்டுமே இருக்கும். எனவே ‘தேசியக் கல்லூரிக்கால உச்சம்’, ‘அணிக் கல்லூரிக்கால உச்சம்’ என்று பிரித்தே எழுத வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டு, ஆட்ட எண்ணிக்கை, பவுல் ஆட்டம் சேர்ந்ததா இல்லையா என்ற மூன்றையும் தந்துவிட்டால் வாசகரே ஒப்பிட்டுக்கொள்வார்.