சினிக்னா யாரு? நாய்ப்பேர் வாங்கின தத்துவக்காரங்களும் அதுக்கான தமிழ்ச் சொல்லும்

"ரொம்ப சினிக்கலா பேசாதப்பா"ன்னு இப்போ தமிழ்ப் பேச்சுலயே சகஜமா வருது. ஒருத்தர் ரத்த தானம் பண்ணி போட்டோ போட்டா "எலெக்ஷன்ல நிக்கப் போறான் போல"ன்னு கமென்ட் அடிக்கிறவர், ஆபீஸ்ல யாராச்சும் லேட்டா உக்காந்து வேலை பாத்தா "அப்ரைசல் மாசம் வருதுல்ல"ன்னு சிரிக்கிறவர், இவங்கதான் இன்னிக்கு அர்த்தத்துல சினிக். யார் என்ன நல்லது பண்ணாலும் அடியில ஒரு சுயநலம் இருந்தே தீரும்னு முடிவு கட்டிட்ட ஆளு. ஆனா இந்தப் பேரை முதல்ல வாங்கின கிரேக்கத் தத்துவக்காரங்க கிட்டத்தட்ட இதுக்கு நேர் எதிர். அதனால ரெண்டு பேருக்கும் சேத்து தமிழ்ல ஒரே சொல்லைப் போட்டா ஒரு பக்கம் கட்டாயம் தப்பாகும்.

முதல்ல வேர். கிரேக்கத்துல க்யூஓன்னா நாய். அதுலேர்ந்து க்யூனிகோஸ், நாய் மாதிரியான, நாய்க்குரியன்னு அர்த்தம். லத்தீன் வழியா இங்கிலீஷுக்கு வந்து சேர்றப்போ "க" சத்தம் "ச"வா மாறி சினிக் ஆயிடுச்சு. பைரவரோட வாகனத்தை சுவானம்னு சொல்றோமே, சுனகன்னு பழைய பாட்டுல எல்லாம் வருமே, அந்த வடமொழிச் சொல்லும் இந்த கிரேக்கச் சொல்லும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேர்லேர்ந்து வந்த சொந்தக்காரங்கதான்.

சரி, நாய்ப்பேர் எப்படி ஒட்டுச்சு? இதுக்கு ரெண்டு கதை இருக்கு. சாக்ரடீஸோட சீடர் அன்டிஸ்தெனிஸ், ஏதென்ஸ் மதிலுக்கு வெளிய இருந்த கினோசார்கஸ்ங்கிற உடற்பயிற்சிக் கூடத்துல பாடம் நடத்தினார், இவரோட அம்மா திரேஸ் நாட்டுக்காரங்கன்னு சொல்வாங்க, அந்தக் கூடமும் இவர மாதிரி முழு ஏதென்ஸ் ரத்தம் இல்லாதவங்களுக்கு ஒதுக்கினதுதான், கூடத்தோட பேர்லயே நாய் இருக்கறதால கூட்டத்துக்கும் அதே பேர் வந்துச்சுங்கறது ஒண்ணு. இடத்தை வெச்சு கூட்டத்துக்குப் பேர் வர்றது அங்க வழக்கம்தான். பிளேட்டோ கூட்டத்துக்கு அகாடமஸ்ங்கிற வீரன் பேர்ல இருந்த தோப்பால அகாடமின்னு பேரு, ஸ்டோயிக்குகளுக்கு ஸ்டோவாங்கிற தூண் மண்டபம், எபிகூரஸ் ஆளுங்கள தோட்டத்துக்காரங்கன்னே கூப்பிட்டிருக்காங்க. இன்னொரு கதை ரொம்ப சிம்பிள்: அது வெறும் திட்டு. தெருவுல திங்கறான், தெருவுல தூங்கறான், வெக்கமே இல்ல, நாய்! எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, ஏன்னா அரிஸ்டாட்டிலே ஒரு இடத்துல பேர் சொல்லாம "நாய்" சொன்னான்னு ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டறார், அது இந்தக் கூட்டத்துலயே பேர்போன டயோஜீனிஸைத்தான் குறிக்குதுன்னுதான் பொதுவா எடுத்துக்கறாங்க. திட்டா வந்த பேரை இவங்க மறுக்கல, வாங்கி சட்டை மாதிரி போட்டுக்கிட்டாங்க. ஏன் நாய்னு சொல்றாங்கன்னு கேட்டப்போ டயோஜீனிஸ் சொன்னதா வர்ற பதில்: குடுக்கறவங்களைப் பாத்து வாலாட்டுவேன், குடுக்காதவங்களைப் பாத்து குரைப்பேன், அயோக்கியனைக் கடிப்பேன்.

இந்த டயோஜீனிஸ் கருங்கடல் கரையில இருக்கற சினோப் ஊர்க்காரர், இன்னிக்கு அது துருக்கியில இருக்கு. அவரோட அப்பா ஹிகேசியாஸ் காசு மாத்தற தொழில் பண்ணவர், ஊர்க் காசை சேதப்படுத்தின விவகாரத்துல குடும்பத்துக்கே கெட்ட பேராகி பையன் ஊரை விட்டுப் போக வேண்டியதாச்சு. இது கட்டுக்கதைன்னு நெனச்சா, உளியால வெட்டி செல்லாம ஆக்கின சினோப் காசுங்க நிஜமாவே கிடைச்சிருக்கு, ஹிகேசியாஸ்ங்கற பேர் பொறிச்ச காசும் இருக்கு. பின்னாடி இதையே அவர் கொள்கையாக்கிட்டார், என் வேலையே காசை வெட்டறதுதான்னு. கிரேக்கத்துல காசுக்கான சொல்லும் ஊர் வழக்கத்துக்கான சொல்லும் ஒரே வேர், அதனால ஊர்ல புழங்கற மதிப்பையெல்லாம் செல்லாக்காசு ஆக்கறேன்னு அர்த்தம் வரும். தமிழ்ல நாணயம்னா காசும்தான் நேர்மையும்தான்ங்கறதால நமக்கு இது இன்னும் ஈசியா புரியும்.

அவர் குடியிருந்தது பீப்பாய்னு நெறைய பேர் எழுதறாங்க. பீப்பாய் இல்லீங்க, அது பித்தோஸ், எண்ணெயும் ஒயினும் தானியமும் கொட்டி வைக்கற ஆளுயர மண் பாத்திரம். தமிழ்ல அதுக்கு அச்சு அசலான சொல் இருக்கு, தாழி. ஆதிச்சநல்லூர் தாழியைப் பாத்தவங்களுக்கு ஒரு மனுஷன் அதுக்குள்ள சுருண்டு படுக்கறது எப்படின்னு சொல்லித் தரவே வேணாம். அதே மாதிரிதான் பகல்ல விளக்கைப் பிடிச்சுக்கிட்டு சுத்தின கதையும், "நேர்மையானவனைத் தேடறேன்"னு சொன்னதா ஃபார்வேர்டு வரும், மூலத்துல நேர்மைங்கற வார்த்தையே கிடையாது, "மனுஷனைத் தேடறேன்" அவ்வளவுதான். அலெக்சாண்டரை வெயிலை மறைக்காம தள்ளி நிக்கச் சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், விடுங்க. இந்தக் கதைகள்ல பெரும்பாலும் கி.பி. 3ஆம் நூற்றாண்டுல டயோஜீனிஸ் லாயெர்டியஸ்னு வேற ஒருத்தர் தொகுத்தது (ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, குழப்பிக்காதீங்க), அதாவது ஐநூறு வருஷம் கழிச்சு எழுதினது, எல்லாத்தையும் நடந்த சம்பவமா எடுத்துக்க முடியாது.

இவங்க சொன்னது என்னன்னா, மனுஷனுக்குத் தேவை ரொம்பக் கம்மி, மிச்சமெல்லாம் ஊர் மாட்டிவிட்ட வேஷம், அந்தஸ்து புகழ் பணம் எல்லாத்தையும் இவங்க "புகை"ன்னே சொல்லுவாங்க, உடம்பையும் மனசையும் பழக்கினா அந்தப் புகையிலேர்ந்து வெளிய வந்துடலாம். அறத்தைக் கத்துக்கொடுக்க முடியும்னு அன்டிஸ்தெனிஸ் சொன்னார். மனுஷங்க மேல நம்பிக்கை இல்லாதவன் இதைச் சொல்லுவானா?

எப்படிப் பழக்கினாங்கன்னு ஒரு சாம்பிள். சைப்ரஸ் தீவோட சிட்டியம் ஊர்லேர்ந்து வந்த ஜீனோ கப்பல் கவுந்து ஏதென்ஸ்ல ஒதுங்கி, தீப்ஸ் ஊர் கிராட்டீஸ்ங்கற சினிக்கிட்ட சீடனா சேந்தார். படிப்புல கெட்டிக்காரர், ஆனா கூச்சம் ஜாஸ்தி. கிராட்டீஸ் ஒரு சட்டி பருப்புக் கஞ்சியைக் கையில குடுத்து குயவர் பேட்டை வழியா தூக்கிட்டுப் போகச் சொன்னார், ஜீனோ வெக்கப்பட்டு சட்டியைத் துணிக்குள்ள மறைக்கப் பாத்தார், கிராட்டீஸ் தடியால ஒரே போடு, சட்டி உடைஞ்சு கஞ்சி தொடையில வழிய ஜீனோ ஓட ஆரம்பிச்சார். ஏன்டா ஓடறே, உனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு பின்னாடியே கிராட்டீஸ் சத்தம் போட்டார். இந்த ஜீனோதான் பிற்பாடு, கி.மு. 300 வாக்குல, தூண் மண்டபத்துல உக்காந்து ஸ்டோயிக் பள்ளியைத் தொடங்கினவர். இன்னிக்கு ரீல்ஸ்ல சூட்டு போட்டவங்க சொல்ற ஸ்டோயிக் அட்வைஸுக்கெல்லாம் பூர்வீகம் இந்தப் பருப்புக் கஞ்சி. ஜீனோ எழுதின ஒரு நூலை "நாய் வால்ல உக்காந்து எழுதினது"ன்னு அப்பவே கிண்டல் பண்ணியிருக்காங்க.

இந்தியா தொடர்பும் ஒண்ணு இருக்கு, எனக்கு இந்த மொத்தக் கதையில பிடிச்சதே இதுதான். டயோஜீனிஸ்கிட்ட பாடம் கேட்ட ஒனெசிக்ரிடஸ் அலெக்சாண்டர் படையோட வந்தார். கி.மு. 326ல தக்கசீலம் பக்கத்துல ஊருக்கு வெளிய வெயில்ல அம்மணமா தவம் பண்ணிட்டிருந்த சாமியார்களைப் பாக்க அலெக்சாண்டர் இவரைத்தான் அனுப்பினார். கலனோஸ்ங்கற சாமியார், முதல்ல துணியைக் கழட்டிட்டு இந்தக் கல்லுல வந்து படு, அப்புறம் பேசறேன்னுட்டார். பெரியவரா இருந்த மண்டனிஸ் அவரை அதட்டிட்டு மரியாதையா பேசினார், நடுவுல மூணு மொழிபெயர்ப்பாளர், சேத்து வழியா தண்ணி வர்ற மாதிரிதான் நான் சொல்றது உனக்கு வரும்னு வருத்தம் வேற. உங்க ஊர்லயும் இப்படி யாராச்சும் உண்டான்னு கேக்க, பித்தகோரஸ், சாக்ரடீஸ், எங்க வாத்தியார் டயோஜீனிஸ்னு இவர் அடுக்கினார். மத்தபடி சரியான ஆளுங்கதான், ஆனா இயற்கையை விட ஊர் வழக்கத்தைப் பெருசா நெனச்சிட்டாங்க, இல்லேன்னா துணி கட்டாம இருக்க எதுக்கு வெக்கப்படணும்னுட்டார் மண்டனிஸ். ஏதென்ஸையே வெக்கம்கெட்டதனத்தால கதிகலங்க வெச்ச ஆளுக்கு தக்கசீலத்துல கிடைச்ச மார்க் இது! ஸ்ட்ராபோவோட புவியியல் நூல்ல இந்தச் சந்திப்பு பதிவாகியிருக்கு.

அப்புறம் அர்த்தம் எப்படி மாறுச்சு? ரோமானியர் காலத்துல அழுக்குப் போர்வை, கைத்தடி, தோள்பை மூணையும் மாட்டிக்கிட்டா சினிக்னு ஆயிடுச்சு, உழைக்காம திட்டியே பிழைக்கறவங்க நெறைய பேர் உள்ள வந்துட்டாங்க. கிரேக்கத்துல நையாண்டி எழுதின லூசியன் இவங்களை வெச்சு செஞ்சிருக்கார், கி.பி. 165ல ஒலிம்பியாவுல ஊரறிய தீக்குளிச்ச பெரெக்ரினஸ்ங்கற சினிக்கைக் கூட அவர் விடல, எல்லாம் புகழுக்குன்னார். யோசிச்சா லூசியன்தான் இன்னிக்கு அர்த்தத்துல சினிக். இங்கிலீஷ்ல இந்தச் சொல் குத்தம் கண்டுபிடிக்கறவன்னு ஆகி, 19ஆம் நூற்றாண்டு வாக்குல யார் நல்லெண்ணத்தையும் நம்பாதவன்னு நிலைச்சுது. ஜெர்மன்காரங்க புத்திசாலித்தனமா பழசுக்கு கினிஸ்முஸ், புதுசுக்கு ட்சினிஸ்முஸ்னு ரெண்டு எழுத்துக்கூட்டல் வெச்சுக்கிட்டாங்க.

தமிழ்லயும் அப்படிப் பிரிச்சாத்தான் தீரும். புது அர்த்தத்துக்கு அவநம்பிக்கைவாதின்னு போடறது எனக்குப் பொருந்தலை, அது எதுவும் உருப்படாதுன்னு நெனக்கற ஆளுக்குச் சரி, ஐயவாதி ஆதாரம் கேக்கறவர். சினிக் ஆதாரம் கேக்கமாட்டார், உள்நோக்கம் கற்பிப்பார். அந்தத் தொடர் மேடையிலயும் பேப்பர்லயும் ஏற்கனவே புழங்குது, அதையே எடுத்துக்கலாம்: எதிலும் உள்நோக்கம் காண்பவர். பேச்சுல "சினிக்கலா பேசாத"ங்கறதுக்கு "எல்லாத்துலயும் உள்நோக்கம் பாக்காத".

பழைய கூட்டத்துக்குப் பரதேசின்னு வைக்க ஆசையா இருக்கும், வேற தேசத்துக்காரன்ல ஆரம்பிச்சு துறவியாகி கடைசியில திட்டாவே ஆன சொல் அது, டயோஜீனிஸும் நிஜமாவே வெளியூர் அகதி. ஆனா பரதேசி கை நீட்டறதோட சரி, கடிக்கமாட்டான். நாய்நெறியார்னு வெச்சா கடியும் இருக்கும், கேவலமாவும் படாது, தெளிஞ்ச ஞானி போட்ட பிச்சையை நாய் மாதிரி சாப்பிடுவார்னு பட்டினத்தாரே பாடியிருக்கார். ஒலிபெயர்ப்புதான் வேணும்னா கினிக்னு எழுதுங்க, சினிக்கை அப்ரைசல் மாசக்காரருக்கு விட்டுடலாம்.