கடைசி வரி வரை படிக்கும் கண்ணிலும் கிளாக்கோமா

எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டால் கண்ணில் குறையேதும் இல்லை என்று பலரும் முடிவு செய்துகொள்கிறார்கள். கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயில் இந்த நிம்மதிதான் ஆபத்தானது. பரவலாகக் காணப்படும் திறந்த கோண வகை, பார்வையின் நடுப்பகுதியைப் பெரும்பாலும் கடைசிவரை விட்டுவைத்து, அதைச் சுற்றியுள்ள பகுதிகளையே முதலில் அரிக்கிறது.

வலி இருக்காது, கண் சிவக்காது. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் பாதையில் தடை கூடும்போது அழுத்தம் உயர்ந்து, ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சிதைகிறது. ஒரு கண்ணில் விழுந்த இடைவெளியை மறு கண் ஈடுகட்ட, மிச்சத்தைச் சுற்றியுள்ள காட்சியைக் கொண்டு மூளை நிரப்பிவிடுவதால், கருந்திட்டு எதுவும் தெரிவதில்லை. படியில் கால் தவறுவதையும் கதவு நிலையில் தோள் இடிப்பதையும் கவனக்குறைவு என்றே எல்லோரும் எண்ணுகிறார்கள்.

பக்கவாட்டிலும் மேலும் கீழும் கண்ணுக்கு எதுவரை தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப் புலப் பரிசோதனையில், ஒரு கண்ணை மறைத்து, கிண்ணம் போன்ற திரையின் நடுப்புள்ளியை நோக்கியபடி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். முடித்து எழும்போது, "மேல் பக்கம் லைட்டே வரலையே டாக்டர், மெஷின் சரியா இருக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. கருவி அங்கும் ஒளியைக் காட்டியிருக்கும். அச்சாகி வரும் தாளில் அதே இடம் கறுத்திருக்கும்.

அழுத்தத்தை மட்டும் அளந்தாலும் போதாது. பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்கிறோம்; அந்த எல்லைக்குள்ளேயே நரம்பு சிதைபவர்களும் இருக்கிறார்கள், கருவிழிப் படலம் மெலிந்தவர்களுக்கு அளவு உள்ளதைவிடக் குறைவாகவும் காட்டக்கூடும். ஆகவே பார்வை நரம்பின் முனையைப் பார்க்காத பரிசோதனையை முழுமையானதாக நான் கருதுவதில்லை. 40 வயதைக் கடந்தவர்களும், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் உள்ளவர்களும், கிட்டப்பார்வை மிகுந்தவர்களும் இதைக் கேட்டுப் பெறவேண்டும். கண் அரிப்புக்கென்று பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டுக்கொள்பவர்களுக்கு வயது வரம்பே கிடையாது. குழந்தைகளுக்கும் இதனால் அழுத்தம் ஏறும்.

சிதைந்த இழைகளை எந்த மருந்தும் மீட்பதில்லை. சொட்டு மருந்து அழுத்தத்தைக் குறைத்து, மிஞ்சியிருக்கும் பார்வையைக் காக்கிறது, அவ்வளவே. விட்டும் பார்வை கூடவில்லை, நிறுத்தியும் உடனே குறையவில்லை என்பதால் பலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். எரிச்சலோ செலவோ காரணமென்றால் அதை மருத்துவரிடம் சொல்லலாம். வேறு மருந்துகளும், லேசர் சிகிச்சையும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன.