ஒப்புரு

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ரப்பர் முத்திரை செய்து தரும் கடையில் காத்திருந்தேன். முத்திரை என்று கேட்டால் இங்கே விழிப்பார்கள். ‘சாப்பு’ என்றால்தான் கை நீளும். கண்ணாடி மூடிக்கு அடியில் லேசர் ஓடி, எழுத்தைச் சுற்றியிருந்த ரப்பரைச் சுட்டெடுத்துக்கொண்டிருந்தது. கருகிய நாற்றம்.

கடைக்காரரின் மகள் பல்கலைக்கழக மாணவி. லேசர் சூட்டில் தோல் எவ்வளவு வேகும் என்பதைக் கணினியில் ஒரு மாடல் கட்டிக் கணிக்கிறாள். அதைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் பேச வேண்டுமாம். “மாடலுக்கு மாதிரி என்று சொல்லலாமா, மாமா?”

வேண்டாம் என்றேன். ‘தோல் மாதிரி’ என்றால் ஆய்வகத்துக்கு வெட்டி அனுப்பும் துண்டு. இவளோ யார் தோலையும் தொடுவதில்லை.

மாடலின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘மோடுஸ்’ என்றால் அளவு. ‘மோடுலுஸ்’ சிறு அளவு. அது இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, சிற்பியின் களிமண் உருவுக்கும் துணிக்கடை விளம்பரப் பெண்ணுக்கும் பெயரானது. கணினியில் ஏறியதும் பழையபடி அளவுக்கே திரும்பிவிட்டது.

அவள் அளப்பவை இரண்டு. தோலுக்குள் சூடு எப்படிப் பரவுகிறது, ரத்தம் அதில் எவ்வளவைக் கொண்டுபோகிறது என்பது ஒன்று. அதற்குப் பென்னஸ் என்ற ஆய்வாளர் 1948இல் தந்த சமன்பாடு. அந்தச் சூட்டில் தோல் எவ்வளவு கெடுகிறது என்பது மற்றது. அதற்கு ஹென்ரிக்ஸ் என்ற ஆய்வாளர் 1947இல் தந்த கணக்கு. சூடும் நேரமும் சேர்ந்தே கெடுக்கின்றன: 44 பாகை செல்சியஸில் புண்ணாக ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும், 60 பாகையில் சில விநாடி போதும். கெட்ட அளவைச் சொல்ல அந்தக் கணக்கு தரும் சேத எண் 1ஐ எட்டினால் புரதத்தில் 63 விழுக்காடு கெட்டுவிட்டதாகப் பொருள்.

ஆழமும் உண்டு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உளி பட்டையோடு நின்றால் பால். கொஞ்சம் உள்ளே போனால் காயம், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சாப்புக் கடையில் ஓடும் கரியமில வாயு லேசரைத் தோலின் மேற்பரப்பு நீரே விழுங்கிவிடும். 1064 நானோமீட்டர் அலைநீள லேசரோ மில்லிமீட்டர் கணக்கில் உள்ளே இறங்கும்.

நான் சொன்ன சொல் ‘ஒப்புரு’. ‘படிமம்’ என்பாரும் உண்டு, அது கவிதைக்காரர்களிடமே இருக்கட்டும். ஒப்பு என்பதில் ஒத்திருத்தலும் உண்டு, ஒப்பிட்டுப் பார்த்தலும் உண்டு. கணினி சொன்ன புண்ணை உண்மையான புண்ணோடு ஒப்பிடாதவரை அது வெறும் உருதான்.

லேசருக்குச் ‘சீரொளி’ என்றேன். சிரித்தாள், லேசரே இருக்கட்டும் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.