பில் இருக்கு, டேக் இருக்கு, வாங்கிக்கோங்க: ஜவுளிக்கடை ரிட்டன் கவுண்டரிலிருந்து

தீபாவளிக்கு முந்தைய வாரம் பில் போடும் இடத்தில் இருக்கும் கூட்டம், தீபாவளி முடிந்ததும் அப்படியே ரிட்டன் கவுண்டருக்கு வந்துவிடும். சைஸ் பத்தவில்லை, அண்ணனும் அதே கலரில் எடுத்து வந்துவிட்டார், மாமியாருக்குப் பிடிக்கவில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். பில்லை நீட்டுவார்கள், வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். நான் சொல்ல வந்தது மிச்சமிருக்கும் சிலரைப் பற்றி. காலரில் மஞ்சள் தடவிப் படைத்து, பிள்ளைக்குப் போட்டு, பட்டாசெல்லாம் வெடித்து முடித்த பிறகு அதே சட்டையைக் கவரில் மடித்து வைத்து, "பிரிக்கவே இல்லை, பணத்தைக் கொடுங்க" என்று நிற்பவர்கள்.

பல வருடமாக ஜவுளிக்கடையில் மேற்பார்வை பார்க்கிறேன். இந்த இடத்தில் பல கடைகளில் நடப்பது இதுதான்: கூச்சல் போட்டால் வாங்கிக்கொள்வார்கள், அமைதியாகக் கேட்டால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது, பில்லிலேயே போட்டிருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். முதல் தண்ணீரிலேயே சாயம் போன சுடிதாரோடு தயங்கித் தயங்கி வந்த பெண் வெறுங்கையோடு திரும்புகிறார். கல்யாணத்துக்கு உடுத்திவிட்டுப் புடவையோடு வந்தவர் பணத்தோடு போகிறார். ஆளையும் சத்தத்தையும் பார்க்காமல் துணியைப் பார்த்து முடிவு செய்தால் இந்த அநியாயம் பாதிக்கு மேல் குறையும். அதற்கு முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று கடைக்காரருக்கும் தெரிய வேண்டும், வாங்குகிறவருக்கும் தெரிய வேண்டும்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் ஒரு காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் பொருளை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. ஆகவே பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்த அந்த வாசகம், குறையுள்ள துணி விஷயத்தில் கடைக்குத் துணை நிற்காது. அதை நம்பிக்கொண்டிருக்கும் முதலாளிகள் இன்றே அச்சகத்தில் சொல்லி மாற்றிவிடுவது நல்லது.

ஆனால் சட்டம் பேசுவது குறையைப் பற்றி. தரத்திலோ அளவிலோ இருக்க வேண்டியது இல்லை என்றால்தான் அது குறை. "வீட்டில் போய்ப் பார்த்தால் கலர் வேற மாதிரி தெரியுது" என்பதும், "பக்கத்துக் கடையில் 200 ரூபாய் கம்மி" என்பதும் குறை அல்ல. கடையில் வந்து தொட்டுப் பார்த்து வாங்கிய பொருளை மனசு மாறியதற்காகத் திருப்பித் தரும் உரிமையைச் சட்டம் தரவில்லை. அது கடை தன் விருப்பத்தில் கொடுக்கும் சலுகை. ஆன்லைனில் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்களே என்பார்கள். அங்கேயும் 2020 மின்வணிக விதிகளின்படி திரும்ப எடுத்தே ஆக வேண்டியது குறையுள்ளது, போலியானது, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாதது, தாமதமாக வந்தது ஆகியவற்றைத்தான். மற்றதெல்லாம் அந்த நிறுவனங்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு.

இனி துணிக்கு வருகிறேன். முகூர்த்த நாள் முடிந்து இரண்டு மூன்று நாளில் வரும் பட்டுப்புடவையை மேஜை மேல் விரித்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லி எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறேன். முதலில் முந்தானை மடிப்பு தோளில் விழும் இடம். பின் குத்தியிருந்தால் அங்கே இரண்டு ஓட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், சுற்றி இழை லேசாக விலகியிருக்கும். இஸ்திரி போட்டாலும் அது மறையாது. அடுத்து இடுப்பில் கொசுவம் செருகும் இடம், அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கசங்கல் இருக்கும். கடைசியாகக் கீழ் ஓரம், தரையில் பட்ட அழுக்கு மெல்லிய கோடாக ஓடும். சந்தன வாசமும் மல்லிகைப்பூ வாசமும் எப்படியும் மடிப்புக்குள் தங்கியிருக்கும்.

பார்த்த பிறகு என்ன பேசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "நீங்க கட்டிட்டுக் கொண்டு வந்திருக்கீங்க" என்று சொன்னால் அங்கேயே சண்டை. கூட வந்த தங்கச்சி முன்னால், மகள் முன்னால் எந்தப் பெண்ணும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொள்ள வைக்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. எங்கள் கடையில் சீனியர் சேல்ஸ் பெண் ஒருவர் சொல்வது இப்படி: "அக்கா, இந்த இடத்தை நீங்களே பாருங்க. இதை நான் இன்னொருத்தருக்குப் புதுசுன்னு கொடுக்க முடியாதில்ல? நாளைக்கு உங்களுக்கே இப்படி ஒண்ணைக் கொடுத்தா வாங்குவீங்களா?" குரல் ஏறாது. புடவையைத் தள்ளிவிடாமல் மறுபடி அழகாக மடித்துக் கவரில் போட்டுக் கொடுப்பார். முணுமுணுத்துக்கொண்டே போனவர்கள்கூட அடுத்த விசேஷத்துக்கு எங்களிடமே வந்திருக்கிறார்கள்.

வம்பு வேண்டாம் என்று வாங்கிக்கொண்டால்தான் என்ன என்று சில முதலாளிகள் கேட்பார்கள். வாங்கிய துணி எங்கே போகும்? ஒரு இஸ்திரி, புது டேக், மறுபடி ரேக். இன்னொரு குடும்பம் சீட்டுப் பணம் எடுத்துத் தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அதைப் புதுசு என்று நம்பி வாங்கும். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. கூச்சலுக்குப் பயந்து நாம் கொடுக்கும் பணத்தை, கூச்சல் போடத் தெரியாத ஒருவரிடமிருந்து எடுக்கிறோம். உடுத்திய துணியை எக்காரணம் கொண்டாவது வாங்கியிருந்தால், அதைத் தனியாக வைத்து, உடுத்தியது என்று சொல்லியே விலை குறைத்து விற்க வேண்டும். இல்லையென்றால் நஷ்டத்தில் எழுத வேண்டும்.

உண்மையான குறையோடு வருகிறவர் விஷயத்தில் இதே கறார் எதிர்ப்பக்கம் வேலை செய்ய வேண்டும். அரக்கு பார்டர், சந்தன நிற உடல். நனைத்ததும் அரக்கு முழுக்க ஊறிவிட்டது என்று ஒரு புடவை வருகிறது. "வெந்நீரில் துவைச்சிருப்பீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். வெள்ளைப் பருத்தித் துணியை ஈரமாக்கி, அதே சரக்கில் விற்காமல் இருக்கும் புடவையின் பார்டரில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் அரக்கு ஒட்டினால் பேச்சே வேண்டாம், பணத்தைக் கொடுங்கள். ரேக்கில் உள்ள மற்றவற்றையும் இறக்கி, மொத்தமாகச் சப்ளை செய்தவருக்குத் திருப்புங்கள். புகார் சொன்ன அந்த அம்மா நம்மைப் பெரிய அவப்பெயரிலிருந்து காப்பாற்றியிருக்கிறார். அவர் பில்லைத் தொலைத்திருந்தால் போன் நம்பரை வைத்துக் கம்ப்யூட்டரில் தேடி எடுக்க முடியும். அந்த ஒரு காரணத்தைச் சொல்லி அனுப்பாதீர்கள்.

அநியாயமான ரிட்டன் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு நம் விற்பனைப் பேச்சிலேயே பிறக்கிறது. கூட்ட நேரத்தில் விற்று முடிக்கிற அவசரத்தில் "எடுத்துட்டுப் போங்க, பிடிக்கலைன்னா எப்ப வேணா மாத்திக்கலாம்" என்று சொல்லிவிடுகிறோம். அவர் ப்ளவுஸ் பிட்டை வெட்டி, ஃபால்ஸ் தைத்த பிறகு மாற்ற வருகிறார். அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா? புடவை விற்கும்போது, "வீட்டில் எல்லாரும் பார்த்த பிறகு ப்ளவுஸ் பிட்டை வெட்டுங்க, வெட்டிட்டா மாத்த முடியாது" என்று வாயால் சொல்ல வேண்டும். எத்தனை நாள், டேக் இருக்க வேண்டுமா, பணமா மாற்றுப் பொருளா, தள்ளுபடி சரக்குக்கு உண்டா, உள்ளாடைக்கு உண்டா என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, பில் போடும் இடத்தில், பணம் கட்டுவதற்கு முன் கண்ணில் படும்படி வையுங்கள்.

"கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்" என்றால் பதற வேண்டாம், ஏளனமும் வேண்டாம். அது அவருடைய உரிமை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. நாம் செய்ய வேண்டியது, அன்றே துணியைப் போட்டோ எடுத்து, தேதி, பில் எண், என்ன சொன்னார்கள், என்ன பதில் சொன்னோம் என்று ரிட்டன் நோட்டில் எழுதிவைப்பது. நோட்டீஸ் வந்தால் 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். ஆணையம் மேலும் 15 நாள் வரைதான் அவகாசம் தர முடியும். பேசாமல் இருந்துவிட்டால் நம் பக்கம் கேட்காமலே தீர்ப்பாகிவிடும்.

கடைசியாக, கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி. விதிப்படி "முடியாது" என்று சொன்ன பெண்ணை, வாடிக்கையாளர் கத்தியதும் முதலாளி வந்து எல்லார் முன்னாலும் திட்டிப் பணத்தைக் கொடுத்தால், அடுத்த முறை அவர் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார். விட்டுக்கொடுக்க நினைத்தால் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசி, அவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். கெட்ட வார்த்தை பேசுகிறவரிடம் அவரைத் தனியாக நிறுத்தாதீர்கள். பொறுப்பாளர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தப்பட்டது. ரிட்டன் கவுண்டரில் இருபக்கமும் நாற்காலி போடுங்கள். உட்கார்ந்து பேசும்போது இருவர் குரலும் தணிகிறது. ரிட்டன் ஆன துணியின் பணத்தை விற்ற பெண்ணின் சம்பளத்தில் பிடிக்கிற வழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது. சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டம் வரையறுத்து வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் மனசு மாறியது அதில் இல்லை.