"ஒண்ணுமில்லண்ணே" என்று எழுந்து நின்ற தம்பி

பினாங்கில் மழை விட்ட கையோடு மோட்டாரில் சறுக்கி விழுகிறவர்களுக்குக் குறைவில்லை. டத்தோ கெராமட் சாலையில் ஒருநாள் என் கண்முன்னே ஒரு தம்பி விழுந்தான். கைப்பிடி இடது விலாவில் இடித்தது. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்லண்ணே, ஓகேலா" என்றான். நாங்கள் எல்லாரும் முழங்கைச் சிராய்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இடது விலா எலும்புகளுக்கு அடியில்தான் மண்ணீரல் இருக்கிறது. ரத்தத்தில் ஊறிய பஞ்சு மாதிரி ஓர் உறுப்பு. கிழிந்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. வளர்ந்தவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் முக்கால் லிட்டர் போனாலும் ஆள் சாதாரணமாகப் பேசுவார். ஒன்றரை லிட்டரை நெருங்கும்போதுகூட ரத்த அழுத்தக் கருவி பெரும்பாலும் நல்ல எண்ணையே காட்டும். உடம்பு மாதக் கடைசிச் சம்பளக்காரரைப் போலச் சமாளிக்கிறது: இதயத்தை விரட்டுகிறது, தோலுக்கும் குடலுக்கும் போகும் குழாய்களைச் சுருக்கி, மிச்சத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்குகிறது. இளவயதுக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். சமாளித்துக்கொண்டே இருந்து, திடீரென்று சரிவார்கள்.

அதனால் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். வெளுத்து, சில்லிட்டு, பிசுபிசுவென்று வியர்த்திருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். (மழையில் நனைந்த கை எப்படியும் சில்லென்றுதான் இருக்கும். இதை மட்டும் நம்ப முடியாது.) உட்கார்ந்த பிறகும் நாடி நிமிடத்துக்கு 100க்கு மேலேயே நின்றால் சந்தேகப்படலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி ஏறாமலும் போகலாம்.

கொஞ்ச நேரத்தில் தம்பி, "இடது தோள் வலிக்குதுண்ணே" என்றான். தோளில் அடியே படவில்லை. வயிற்றில் தேங்கிய ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதால், மூளை குழம்பி வலியைத் தோளில் காட்டுகிறது. உடனே 999க்கு அழைத்தோம். யாரோ ஐஸ் மைலோ நீட்டினார்கள், தடுத்தேன். அறுவை சிகிச்சை தேவைப்பட்டு மயக்க மருந்து கொடுத்தால், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் ஏறிவிடலாம்.

மருத்துவமனை அவசரப் பிரிவில், உயிருக்கு ஆபத்தானவர்களைக் கவனிக்கும் சிவப்பு மண்டலத்தில் அவனுடைய ஈரச் சட்டையைக் கழற்றிக் கம்பளி போர்த்தினார்கள். ரத்தத்தை உறையவைக்கும் நொதிகள் குளிரில் மந்தமாகிவிடும். உப்புநீரை லிட்டர் கணக்கில் ஏற்றினாலும் ரத்தம் நீர்த்துப்போய்ச் சரியாக உறையாது. முன்பு அதைத்தான் தாராளமாகச் செய்தார்கள், இப்போது ரத்தத்தையே சீக்கிரம் ஏற்றுகிறார்கள். அல்ட்ராசவுண்டில் மண்ணீரலை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தது. அதுதான் தேங்கிய ரத்தம்.

அப்புறம் டிரானெக்சாமிக் அமிலம் என்ற ஊசி. உறைந்த ரத்தம் மீண்டும் கரைந்துவிடாமல் காக்கும் மலிவான மருந்து இது. 20,000 பேருக்கு மேல் பங்கேற்று 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வில் இது மரணங்களைக் குறைத்தது. ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாமதித்தால் கெடுதலாகவும் முடியலாம்.

கசிவு நின்று ஆள் நிலையாக இருந்தால், இப்போதெல்லாம் மண்ணீரலை எடுக்காமல் கண்காணித்தே ஆறவிடுகிறார்கள். தம்பிக்கும் அப்படித்தான். சில மாதத்துக்கு ஃபுட்சால் கிடையாது என்றபோதுதான் அவன் முகம் வாடியது.