அந்த ஏ கார்டு எங்கேயும் போக வேண்டியதில்லை

போன மாதம் ஒரு மாணவர் கைபேசியை என்னிடம் நீட்டினார். புலேரியாஸ் (ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையில் ஒரு வேகமான வகை) கிட்டார் பதிவு ஒன்றை, கார்டுகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் செயலியில் போட்டிருக்கிறார். அது 'ஏ ஷார்ப் டிமினிஷ்ட், பேஸ் ஏ' என்று காட்டியது. "சார், இது எதில் போய் முடியணும்?" என்றார். அது முடிந்துவிட்ட இடம் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

வாசித்துப் பாருங்கள். சாதாரண ஏ மேஜரைப் பிடித்து, மூன்றாம் கம்பியை மட்டும் 3ஆம் ஃபிரெட்டுக்கு நகர்த்துங்கள். ஏ, இ, பி ஃபிளாட், சி ஷார்ப், இ. ஏ-வோடு பி ஃபிளாட் உரசும். அந்த உரசல்தான் வீடு, பாட்டு வந்து அமரும் இடம். செயலி சுரங்களைச் சரியாகத்தான் எண்ணியது. எந்தச் சுரம் ஆதாரம் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

மேற்கத்திய கிளாசிக்கல் கிரேடு தேர்வுகள் முடித்து வருபவர்களும் இதில் வழுக்குவார்கள். டி மைனர், சி, பி ஃபிளாட், ஏ என்று இறங்குவதைக் கேட்டதும் 'டி மைனர் ஸ்கேல், ஏ டாமினன்ட்' (டி மைனருக்குத் திரும்ப இழுக்கும் கார்டு) என்று எழுதிவிட்டு, டி மைனர் திரும்பி வரக் காத்திருப்பார்கள். ஃபிளமெங்கோவில் பி ஃபிளாட்தான் அரைச் சுரம் இறங்கி ஏ-யில் அமர்கிறது. மோட் (சுர வரிசை) ஃப்ரிஜியன், ஆனால் அமரும் கார்டு மேஜர். பாட்டு சி-யைத் தொட்டு இறங்கும், கார்டில் சி ஷார்ப் இருக்கும். நம் கர்நாடக இசைக் கணக்கில் சி வருவது தோடியின் சுரங்கள், சி ஷார்ப் வருவது வகுளாபரணத்தினுடையவை. (சுரங்கள் மட்டும்தான், ராகம் அல்ல.)

ஃபிளமெங்கோ கலைஞர்கள் இதற்கெல்லாம் பெயர் தேடி அலைவதில்லை. ஏ வீடானால் 'போர் மெதியோ', இ வீடானால் 'போர் அர்ரிபா'. மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டாலும் 'போர் மெதியோ'தான், காதில் விழுவது சி என்றாலும். கை எப்படிப் பிடிக்கிறதோ அதுதான் பெயர்.

தரந்தா என்ற ஃபிளமெங்கோ வகையில் வீடு எஃப் ஷார்ப். மூன்றாம் கம்பியில் ஏ ஷார்ப், பக்கத்திலேயே அழுத்தாத பி. புதிதாக வருபவர்கள் விரல் தவறிவிட்டது என்று அந்த பி-யை மூடப் பார்ப்பார்கள். மூடாதீர்கள்.

அப்புறம் ரொந்தேன்யா என்ற இன்னொரு வகை. ஃபிளமெங்கோ கிட்டார் கலைஞர் ரமோன் மொந்தோயா 1936இல் பாரிஸில் பதிவு செய்தது. ஆறாம் கம்பி டி-க்கும் மூன்றாவது எஃப் ஷார்ப்புக்கும் இறங்கும். வீடு சி ஷார்ப். வழக்கமான கார்டு படங்கள் இங்கே உதவாது. கம்பிகளை இறக்கிவிட்டு, சி ஷார்ப்பை முனகிக்கொண்டே தேடுங்கள்.