சாய்ந்த மேசை, சிந்தாத தேநீர்

ரஷ்ய ஓவியர் குஸ்மா பெத்ரோவ்-வோத்கின் 1918-ல் வரைந்த ‘காலை ஸ்டில் லைஃப்’ (அசையாப் பொருள்களை வரையும் வகை) ஓவியத்தில் பெரிதாக ஒன்றும் கிடையாது. தம்ளரில் தேநீர், இரண்டு முட்டை, தீப்பெட்டி, பளபளக்கும் உலோகக் கெட்டில், கொஞ்சம் காட்டுப்பூ, மேசையோரம் எட்டிப் பார்க்கும் நாய். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்தால் மேசை நம் பக்கமாகச் சரிந்து வருவதுபோல இருக்கும், முட்டை ஏன் இன்னும் உருண்டு விழவில்லை, தேநீர் ஏன் சிந்தவில்லை என்று கேட்கத் தோன்றும். வரையத் தெரியாமல் வந்த கோளாறு இல்லை இது. மாஸ்கோவில் புகழ்பெற்ற ஓவியர் செரோவிடம் படித்தவர் அவர்.

தண்டவாளம் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்கிற மாதிரி வரையச் சொல்லித் தருவார்களே, அந்த விதி ஒரு நிபந்தனையோடுதான் சரி: பார்ப்பவருக்கு ஒரே கண், அதுவும் அசையவே கூடாது. நிஜத்தில் நமக்குக் கூர்மையாகத் தெரிவது சுமார் 2 டிகிரிதான், அதாவது கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் அகலம். மற்றதையெல்லாம் கண் விநாடிக்கு மூன்று தடவைபோலத் தாவித் தாவித்தான் சேர்க்கிறது, தலையும் கூடவே குனிகிறது, சாய்கிறது. சரி, தலை சாய்ந்தால் உலகம் ஏன் சாய்வதில்லை? உள்காதில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிய ஜவ்வு இருக்கிறது. தலை சாயும்போது அது புவியீர்ப்பின் பக்கம் நழுவி மூளைக்குத் தகவல் சொல்ல, மூளை அந்தச் சாய்வைக் கழித்துவிடுகிறது. பெத்ரோவ்-வோத்கின் அந்தக் கழித்தலைச் செய்யாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். பொருள்கள் ஆளுக்கொரு அச்சில் சாய்ந்து நிற்கும். ‘கோளப் பார்வை’ என்பார்கள் இந்த முறையை.

வோல்கா கரையில் குவாலின்ஸ்க் என்ற ஊரில், 1878-ல், செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். இளம் வயதில் குன்றின்மேல் தரையில் சாய்ந்த கணத்தில் பூமி உருண்டையாகத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறார். (அந்த உயரத்தில் பூமியின் வளைவு தெரிய வாய்ப்பே இல்லை; உள்காதின் கணக்கு ஒரு நொடி பிசகியிருக்கும் என்பது என் ஊகம்.)

மேசை சாய்ந்தாலும் தம்ளரில் இயற்பியலை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், தேநீருக்குள் இருக்கும் கரண்டியிலிருந்து வரும் ஒளி வெளியே வரும்போது திசை மாறுகிறது. தம்ளரில் பட்டை வெட்டியிருப்பதால் ஒவ்வொரு பட்டையும் தன் பங்குக்கு வேறு கோணத்தில் அதைக் காட்டுகிறது. இந்தப் பட்டைத் தம்ளரை 1943-ல் சிற்பி வேரா முகினா வடிவமைத்தார் என்று ரஷ்யாவில் ஒரு கதை உண்டு. அதை மறுக்க இந்த ஓவியத்தைத்தான் காட்டுகிறார்கள்!

அதே வருடம் ‘ஹெர்ரிங்’ வரைந்தார்: ஒரு மீன், ஒரு துண்டு ரொட்டி, இரண்டு உருளைக்கிழங்கு. பெத்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பட்டினி கிடந்த காலம், கையிலிருக்கும் சாப்பாட்டை எப்படிப் பார்ப்போமோ அப்படி, ஏறக்குறைய நேர் மேலிருந்து வரைந்திருக்கிறார். எனக்கு இரண்டில் இதுதான் பிடிக்கும். அப்புறம் 1920-களின் கடைசியில் காசநோய் வந்தது, எண்ணெய் வண்ணம் ஆகாது என்று மருத்துவர்கள் தடுத்துவிட, சில வருடங்கள் எழுத்துப் பக்கம் போனார். அந்தக் குன்றுக் கதை வெளியே வந்ததும் அப்படித்தான்.